ஒரு ஷில்லிங் புத்தகம் செய்த வேலை

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் எரிச்சலோடுதான் வந்திருக்கிறேன். போட்டித் தேர்வுக்கான வரலாற்று கைடு ஒன்று வாங்கினேன், 480 ரூபாய். அமெரிக்கப் புரட்சிக்கு அதில் போட்டிருக்கும் காரணம்: "தத்துவ ஞானிகளின் கருத்துகளால் மக்கள் விழிப்புற்றனர்." அவ்வளவுதான்! எழுப்பியது யார், எப்படி எழுப்பினார், ஒரு வார்த்தை இல்லை. அட்டை மட்டும் பளபளவென்று இருக்கிறது. 480 ரூபாய்ங்க!

ஆங்கிலேயத் தத்துவ ஞானி ஜான் லாக் பற்றிய என் வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆளப்படுகிறவர்களின் சம்மதத்தில்தான் அரசு நிற்கிறது, அத்துமீறினால் அதைத் தூக்கியெறியலாம் என்று அவர் சொன்ன புத்தகம் 1689இல் வந்துவிட்டது. அமெரிக்கக் காலனிகள் பிரிட்டனை விட்டுப் பிரிந்த சுதந்திரப் பிரகடனம் 1776இல். கருத்து மட்டும் போதுமென்றால் நடுவில் எதற்கு 87 வருடம்?

அந்தக் கருத்தைச் சாதாரண மக்களிடம் கொண்டுபோனவர் என் ஆள் தாமஸ் பெயின். இங்கிலாந்தில் பெண்களுக்கு இடுப்புக் கச்சை தைத்தவர், கலால் வேலையும் பறிபோய் 1774 கடைசியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வந்து இறங்கினார். 1776 ஜனவரியில் அவர் எழுதிய 'காமன் சென்ஸ்' என்ற சின்னப் புத்தகம் வெளிவந்தது. ஐம்பது பக்கம்கூட இல்லை. அதுவரை நிறையப் பேர் பார்லிமென்டைத் திட்டுவார்கள், ராஜாவை விட்டுவிடுவார்கள். பெயின் நேராக ராஜா மேலேயே கை வைத்தார். அப்பா ராஜா என்றால் பிள்ளையும் ராஜாவா? ஒரு தீவு ஒரு கண்டத்தை ஆள்வதா? எல்லார் வீட்டிலும் இருந்த பைபிளையே எடுத்து, இஸ்ரவேலர் தங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று கேட்டதே பாவம் என்று காட்டினார்.

இப்போது விலைக்கு வருகிறேன், இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அச்சடித்தவர் ராபர்ட் பெல், விலை 2 ஷில்லிங். தன் பங்கு லாபத்தில் கனடாவின் கியூபெக் மேல் படையெடுத்துப் போன அமெரிக்கப் படைவீரர்களுக்குக் கையுறை வாங்க வேண்டும் என்பது பெயின் ஆசை. புத்தகம் பறக்கிறது, பெல் 'லாபமே இல்லை' என்கிறார்! பெயின் விடுவாரா? கூடுதலாக எழுதிச் சேர்த்து, பிராட்போர்டு அச்சகத்தில் கொடுத்து, விலையை 1 ஷில்லிங் ஆக்கினார். பாதி விலை! பெல்லும் நிறுத்தவில்லை. இருவரும் பத்திரிகை விளம்பரத்தில் மாறி மாறித் திட்டிக்கொண்டார்கள். புத்தகத்துக்கு ஓசியில் பப்ளிசிட்டி.

அய்யோ, ஒன்றை விட்டுவிட்டேன். அந்தத் தலைப்பு பெயின் வைத்தது இல்லை, அவருடைய நண்பர் டாக்டர் பெஞ்சமின் ரஷ் சொன்னது. பெல்லிடம் அனுப்பி வைத்தவரும் அவர்தான். முதல் பதிப்பில் பெயின் பெயரே கிடையாது.

ஆறே மாதத்தில் ஜூலை 4. லாக்கின் 'சம்மதம்' அப்படியே பிரகடனத்தில் உட்கார்ந்துவிட்டது. எழுதிய ஜெபர்சனை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. 'எல்லோரும் சமம்' என்று எழுதிய கை, வீட்டில் அடிமைகளை வைத்திருந்தது. அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் எழுதிய பத்தியையும் காலனிகளின் பிரதிநிதிகள் சபையான காங்கிரஸ் வெட்டிவிட்டது.

அடுத்த வீடியோ பாரிஸ். அங்கே பிரெஞ்சுப் புரட்சி சபையில் உறுப்பினராக இருந்த பெயின், 1793இல் 'பிரான்ஸ் ராஜாவைக் கொல்லாதீர்கள்' என்று வாக்களித்தார், அதே வருடக் கடைசியில் சிறைக்கும் போனார். ராஜாவைக் கொல்லச் சொன்ன புரட்சித் தலைவர் ரோபஸ்பியரின் ரசிகர்கள் கமென்டில் சண்டைக்குத் தயாராக இருங்கள்.