முட்டை தண்ணீரில் இல்லை

(மொரீசியசில் கோயில் மண்டபமொன்றில் சிக்குன்குனியா பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மழை பிடித்துக்கொண்டது. தைப்பூசக் காவடியும் நெருங்குகிறது. "தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டேனே, கொசு எங்கிருந்து வருகிறது?" என்று பலரும் கேட்கிறீர்கள். கொட்டினீர்கள், சரி. தேய்த்தீர்களா?

நம் தீவில் சிக்குன்குனியாவையும் டெங்குவையும் பரப்புவது புலிக்கொசு. முதுகில் ஒரே வெள்ளைக்கோடு, காலில் வெள்ளை வளையங்கள். பகலில்தான் கடிக்கும், ஆகவே இராத்திரிக் கொசுவலை இதற்குப் போதாது. இது முட்டையை நீரில் மிதக்க விடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டிவைக்கும். கருப்பாக, எள்ளைவிடப் பொடியாக இருக்கும். நீரைக் கொட்டினாலும் அது அங்கேயே இருக்கும். காய்ந்தே சில மாதம் கிடக்கும். அடுத்த மழையில் நீர் ஏறித் தொட்டதும் பொரியும். நம் வெயிலில் ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். அதனால்தான் வாரம் ஒரு நாள் என்கிறோம்: சொரசொரப்பான பிரஷ், சோப்பு, உட்சுவர் முழுக்கத் தேய்ப்பு. கழுவிய நீரைச் சாக்கடையில் விடாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள்.

மேல்மாடி கட்டலாமென்று கம்பியை நீட்டிவிட்டு வைத்திருக்கிறோமே, அந்த மொட்டைமாடியில் கிடக்கும் சிமெண்ட் பிளாக்கின் குழிகளை யாரும் பார்ப்பதில்லை. மணல் போட்டு நிரப்புங்கள். தொட்டிக்கு மூடி இருந்தும், நீர் வழியும் குழாய் வாய் திறந்திருந்தால் பயனில்லை. மெல்லிய வலை கட்டுங்கள். பூந்தொட்டித் தட்டிலும் ஈரமணல் போதும். கோயிலையும் சொல்லத்தான் வேண்டும்: அர்ச்சனை முடிந்த தேங்காய் மூடிகள், அன்னதானக் கோப்பைகள், கொல்லைப்புறத்து அகல்கள். ஒரு மூடித் தண்ணீரே கொசுவுக்குத் தாராளம்.

கொசுவுக்குப் புகை அடிக்கும் வண்டி வந்ததே என்று நிம்மதியாகாதீர்கள். பறக்கும் கொசுவைத்தான் புகை கொல்லும். முட்டைக்கு ஒன்றும் ஆகாது.

பக்கத்து ரீயூனியன் தீவில் 2005-06இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய 7.7 லட்சம் மக்களில் சுமார் 2.66 லட்சம் பேருக்குச் சிக்குன்குனியா கண்டது. வைரஸின் ஒரு புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியது. அந்த மாற்றம் அதைப் புலிக்கொசுவுக்குள் எளிதாகப் பெருக வைத்தது. 2025இல் அங்கே மறுபடியும் பெருந்தொற்று.

காய்ச்சல் வந்தவரின் இரத்தத்தில் முதல் வாரம் வைரஸ் இருக்கும். அவரைப் பகலிலும் வலைக்குள் படுக்க வைப்பது பக்கத்து வீட்டைக் காப்பதற்கு. பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேரத்துக்கொரு தடவை. நாளுக்கு எட்டுக்கு மேல் கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். கடும் வயிற்றுவலி, நில்லாத வாந்தி, ஈறில் இரத்தம் கண்டால் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.

பிரசவ வேளையில் தாய்க்குக் காய்ச்சல் இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ரீயூனியனில், பிரசவத்தின்போது இரத்தத்தில் வைரஸ் இருந்த தாய்மாரின் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொற்றியது. அந்தக் குழந்தைகள் பிறந்தபோது நன்றாகவே இருந்தார்கள். மூன்று முதல் ஏழு நாளுக்குள்தான் காய்ச்சல் வந்தது, பால் குடிப்பது நின்றது. காய்ச்சலோடு பிரசவித்த தாயின் குழந்தையை முதல் வாரம் மருத்துவர் கண்ணில் படும்படி வைத்திருங்கள்.