மணலில் கூடாரம் போடும் முன்

நேயர்களுக்கு வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது ஒரு மீனவர் குப்பம் கண்ணில் பட்டால், 'இந்த மணலில் ஒரு ராத்திரி தங்கினால் என்ன' என்று பலருக்கும் தோன்றும். கூடாரம் இப்போது வாடகைக்கே கிடைக்கிறது. வண்டிக்குள்ளேயே படுக்கை போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. வரட்டும், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சும்மா கிடப்பதுபோல் தெரியும் அந்த மணல் ஊராருடைய வேலையிடம். வலை உலர்வதும் கருவாடு காய்வதும் மீன் ஏலம் போவதும் அங்கேதான். விடியற்காலையில் ஃபைபர் படகு அலையோடு சேர்ந்து வேகமாக வந்து மணலில் ஏறும். அந்த வழியில் நீங்கள் படுத்திருக்கக் கூடாது. அதனால் முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு ஊரில் அப்படிக் கேட்டபோது, பெரியவர் ஒருவர் கூடவே நடந்து வந்தார். சிப்பியும் பாசியும் ஒதுங்கிக் கிடந்த கோட்டைக் காட்டி, "நேத்து தண்ணி இதுவரைக்கும் வந்துச்சு தம்பி. நாளைக்கு அமாவாசை, இன்னும் ஏறும்" என்றார். சவுக்குத் தோப்பு ஓரமாக இடம் காட்டினார். கூடாரத்து முளைகளை எடுத்துப் பார்த்துவிட்டு, இது காற்றுக்கு நிற்காது என்றார். சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, முழங்கால் ஆழத்துக்குப் புதைத்து, மேலே மணலைத் தள்ளி மிதித்தார். ராத்திரி முழுக்கக் காற்று அடித்தது, கயிறு அசையவில்லை. நானும் அன்றிலிருந்து வெறும் சாக்குகளோடுதான் கிளம்புகிறேன். சொல்ல வந்தது இதுதான்: அந்த மணலைத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், கேளுங்கள்.

அடுத்து விளக்கு. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். ஒன்றரை மாதம் போல ஆனதும் வெளிவரும் குஞ்சுகள், வெளிச்சம் தெரியும் பக்கம் போகும். இருட்டான கரையில் அது கடல். நீங்கள் பெரிய விளக்கைப் போட்டால் உங்கள் பக்கம் வந்து, நாய்க்கும் காக்கைக்கும் இரையாகிவிடும். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் ராத்திரியில் கரையோரம் நடந்து இந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். அவர்கள் உழைப்பை ஒரு விளக்கால் கெடுக்க வேண்டாம். மறுபடி சொல்கிறேன், விளக்கை அணைத்துவிடுங்கள்.

நேரம் ஆகிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். சமையல் பற்றி நிறைய வைத்திருந்தேன். சரி, சுருக்கமாக: மீனை அந்த ஊர்ப் பெண்களிடமே வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை, அப்போது நாட்டுப்படகு மீன்தான், விலை கூட இருக்கும், பேரம் பேசாதீர்கள். குடிதண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். நன்றி, வணக்கம்.