பங்கு போட முடியாத ஓடு: செட்டிநாட்டு வீடுகள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் என்று செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் கண் முதலில் போவது பர்மாத் தேக்குத் தூணுக்கு. அப்புறம் பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலிப் பளிங்கு, நிலைக்கதவில் செதுக்கிய கஜலட்சுமி. எல்லாமே நின்று பார்க்க வேண்டியவைதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் மேலே, யார் கண்ணிலும் படாமல் கிடக்கிற நாட்டு ஓட்டைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அந்த வீடு நிற்பதும் விழுவதும் அந்த ஓட்டை வைத்துத்தான்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் இந்த வீடுகளைக் கட்டியது பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும். 1852-இல் கீழ்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. காடு திருத்தி நெல் போட்ட விவசாயிக்குக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். அந்த வட்டியும் அந்த நாட்டுத் தேக்கும் கப்பலேறி, தண்ணீருக்கே தவிக்கும் இந்தச் சீமைக்கு வந்து வீடுகளாக நின்றன. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது, கொடுத்த கடன் நிலமாகத் திரும்பியது. கீழ்பர்மா நெல் வயல்களில் ஏறத்தாழ கால் பங்கு அவர்கள் பெயருக்கு வந்து சேர்ந்தது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கசப்பும் இந்தக் கதையில் உண்டு, அதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமாகாது. காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீடு 1941-இல் கட்டியது. அடுத்த வருஷமே ஜப்பான்காரர்கள் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மா சுதந்திரம் அடைந்த பின் நிலங்கள் அரசுடைமையாயின. வரவு நின்றது, வீடு கட்டுவதும் நின்றது.

இனி வீட்டுக்குள் போவோம். திண்ணை தாண்டி, முகப்பு தாண்டி, பட்டாலை என்கிற கூடம் வழியாக வளவுக்கு வருகிறோம். நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாகச் சிறு சிறு அறைகள். அதற்கும் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணறு. முன்வாசல் ஒரு தெருவில் இருக்க, பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும் வீடுகள்கூட உண்டு.

இவ்வளவு பெரிய வீட்டில் இவ்வளவு சின்ன அறையா என்று கேட்காதவர்கள் இல்லை. அந்த அறை குடியிருக்கக் கட்டியதல்ல. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் சாமான் சட்டுகளையும் சீர்வரிசைகளையும் வைத்துப் பூட்ட அவன் பங்குக்கு வந்த இடம் அது. நகரத்தாரிடம் 'வேறு வைத்தல்' என்றொரு வழக்கம். கல்யாணமாகிச் சில காலம் கழித்து மகனையும் மருமகளையும் தனியே உலை வைக்கச் சொல்லிவிடுவார்கள். ஒரே கூரை, தனித்தனிச் சமையல், தனித்தனிக் கணக்கு. கோயில் வரி கட்டுவதிலும் கல்யாணமான ஆண் தனிப் புள்ளி. கூட்டுக் குடும்பம் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட நுணுக்கமான ஏற்பாடு அது. எது எனக்கு, எது நம் எல்லோருக்கும் என்பது கட்டும்போதே சுவரிலேயே தீர்மானமாகிவிட்டது. அறை எனக்கு. வளவும் பட்டாலையும் முகப்பும் எல்லோருக்கும். கூரையும் எல்லோருக்கும்.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். கட்டியவருக்கு நாலு பிள்ளைகள் என்று வையுங்கள். அவர்களுக்கு நாலு நாலு என்றால் பேரன் காலத்தில் பதினாறு பங்கு, அவர்களுக்கும் நாலு நாலு என்றால் கொள்ளுப்பேரன் காலத்தில் அறுபத்துநாலு பங்கு. ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், இன்னொருவர் அமெரிக்காவில். அவரவர் அறையை அவரவர் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கூரைக்குச் சாவி கிடையாது. ஆகவே அதற்குப் பொறுப்பாளியும் கிடையாது.

ஓட்டுக் கூரை வருஷா வருஷம் ஆள் ஏற வேண்டிய கூரை. குரங்கு ஓடினாலும் காற்று அடித்தாலும் ஓடு நகரும். முற்றத்தின் நான்கு மூலையிலும் இரண்டு சரிவுகள் சேர்கிற இடத்தைக் கூடல்வாய் என்போம். மழைத் தண்ணீர் முழுக்க அங்கேதான் திரண்டு இறங்கும். அங்கே சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு ஓட்டுக்கு அடியில் நுழைகிறது. முதலில் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் ஊறும். பிறகு அந்த ரீப்பரைத் தாங்கும் கைமரத்தின் முனை இற்றுப்போகும், ஈரத்தைத் தேடிக் கறையான் ஏறும். தண்ணீர் சுவர்த் தலையில் இறங்கிவிட்டால் அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு தாங்காது. முட்டையின் வெள்ளைக்கருவும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய பூச்சு அது. நூறு வருஷம் கழித்தும் கை வைத்தால் வழவழவென்று குளிரும். நனைந்து உப்பிய சுவரில் அதுவே அப்பளம் போல் பெயர்ந்து வருகிறது. ஒரு மூலையில் ஐந்தாறு ஓடு மாற்றியிருந்தால் தப்பித்திருக்கும் வளவு, சில மழைக்காலங்களில் உட்கார்ந்துவிடுகிறது.

கூரை விழுந்த வீட்டுக்கு வியாபாரி வருகிறார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கடை கடையாகப் பாருங்கள்: தூண், நிலை, பெட்டி, பீங்கான் சாமான், எனாமல் அடுக்கு. வாங்குகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் வாங்காவிட்டால் அந்தத் தேக்கு விறகாகியிருக்கும். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவில், பிரித்தெடுத்த பொருள்களைக் கொண்டே ஒரு செட்டிநாட்டு வீட்டை மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம். ஆனால் சந்தைக்கு வரும் தூண் ஒவ்வொன்றும் எங்கோ ஒரு தாழ்வாரத்தைத் தாங்கிய தூண் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

சில வீடுகள் தங்கும் விடுதிகளாகி நன்றாகவே இருக்கின்றன. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. நல்லது. ஆனால் எல்லா வீடும் விடுதியாக முடியாது, உத்தேசப் பட்டியல் ஓடு மாற்றித் தராது.

பங்காளிகள் இன்றும் ஒன்றுகூடும் நாள் ஒன்று இருக்கிறது. முன்னோருக்குப் படைப்பு போடும் நாள். எங்கிருந்தாலும் வந்துவிடுகிறார்கள், பூட்டிய வளவு அன்றைக்குத் திறக்கிறது. புள்ளிக்கு இவ்வளவு என்று படைப்புச் செலவுக்கு வரி போடுவது அவர்களுக்குப் பழக்கமானதுதான். அதே கணக்கில் ஓட்டுக்கும் ஒரு வரி போடலாம். விற்பதா, இடிப்பதா, விடுதிக்கு விடுவதா என்ற வழக்கு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் நடக்கட்டும். அதுவரை ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே ஓர் ஆளை ஏற்றிக் கூடல்வாயைத் துப்புரவாக்கி, உடைந்த ஓட்டை மாற்றச் சொல்லுங்கள். நாட்டு ஓடு வேயத் தெரிந்த கொத்தனார்கள் இந்தப் பக்கத்து ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வேலை வேண்டும்.

நன்றி, வணக்கம்.