தோற்றவர் வீட்டுக்குப் போனாரா?

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்து ரெங்கம் வட்டார நேயர்களுக்கும், குளுவாங், லாயாங்-லாயாங் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் வணக்கம். சிறுபான்மை இனத்திலிருந்து முதன்முதலாக ஒருவர் ஒரு நாட்டின் தலைமைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டால் அது ஏன் வரலாறு ஆகிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். "ஒபாமாவைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா" என்றுதான் கேட்டார்கள். சொல்கிறேன். ஆனால் என்னிடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும், நான் எங்கே புறப்பட்டாலும் பசிபிக் தீவு நாடான ஃபிஜியில் போய் இறங்கிவிடுவேன் என்று.

2008 நவம்பர் 4 அன்று அமெரிக்காவில் தேர்தல். அங்கே வாஷிங்டனில் இரவு 11 மணிக்கு முடிவு தெரிந்தபோது நமக்கு மறுநாள் நண்பகல் 12 மணி. செம்பனைக் காட்டிலிருந்து வந்து சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தவர்கள் சோற்றில் கை வைத்தபடியே தொலைக்காட்சியைப் பார்த்தார்கள். சிகாகோவில் மனைவி, இரண்டு மகள்களோடு ஒபாமா மேடைக்கு வந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். எனக்கு அன்று பிடித்தது இன்னொருவர் பேசியது. அரிசோனா மாநிலத்தில், தோற்றுப்போன ஜான் மெக்கெய்ன்.

அவருடைய ஆதரவாளர்கள் ஒபாமாவின் பெயர் கேட்டதும் கூச்சல் போட்டார்கள். மெக்கெய்ன் கையை உயர்த்தி அடக்கினார். பிறகு ஒரு பழைய கதையை நினைவுபடுத்தினார். 1901-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், புக்கர் டி. வாஷிங்டன் என்ற கறுப்பினக் கல்வியாளரை வெள்ளை மாளிகையில் இரவு உணவுக்கு அழைத்தார். ஒரு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான். அதற்கே நாடு கொதித்தது. விருந்தாளியாக நுழைந்ததற்கே அந்தக் கூப்பாடு போட்ட நாட்டில் கறுப்பினத்தவர் ஒருவர் அதே வீட்டுக்குக் குடிபோகிறார் என்பதை, அவரை எதிர்த்து நின்றவரே தம் கட்சிக்காரர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்காவில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஏறக்குறைய 13 பேர். அவர்கள் அத்தனை பேரும் வாக்களித்தாலும் ஒருவரை அதிபராக்க முடியாது. வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்பின்படி வெள்ளையரில் நூற்றுக்கு 43 பேர் ஒபாமாவுக்கு வாக்களித்தார்கள். பாதிகூட இல்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் அந்த வெற்றியும் இல்லை. தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர் தடையில்லாமல் வாக்களிக்க வலுவான சட்டம் வந்ததே 1965-இல்தான். ஆகவே சிறுபான்மைத் தலைவர் ஒருவர் வரும்போது வென்றவரின் திறமையை மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடாதீர்கள். அவருக்கு வாக்களித்த மற்ற இனத்தாரைப் பாருங்கள். தோற்றவர் என்ன செய்தார் என்று பாருங்கள்.

இந்த இரண்டாவது கேள்வி என் சொந்தச் சரக்கு இல்லை. எங்கள் தோட்டத்தில் ரப்பர்ப் பால்வெட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருந்தார், தொழிற்சங்கக் கிளையில் நெடுநாள் பொறுப்பில் இருந்தவர். 1999-இல், ஃபிஜியில் இந்திய வம்சாவளியினர் ஒருவர் பிரதமரானார் என்ற செய்தியைப் பத்திரிகையிலிருந்து அவருக்குப் படித்துக் காட்டினேன். துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், "ஜெயித்தது சரி வாத்தியாரே, தோற்றவன் வீட்டுக்குப் போனானா?" என்று கேட்டார். அவருக்கு அனுபவம் அப்படி. நம் தோட்டத்துக் கோயில் நிர்வாகத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தோற்ற அணி மறு வாரமே வேறு கோயிலுக்கு இடம் தேடும். சாவிக் கொத்து மட்டும் பழைய தலைவர் இடுப்பிலேயே இருக்கும்.

ஃபிஜிக்கு வந்துவிட்டேன். அங்கே நம்மவர்கள் போனது ரப்பருக்கு அல்ல, கரும்புக்கு. 1879-இல் லியோனிடாஸ் என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1916 வரை ஏறக்குறைய 60,000 பேர். முதலில் கல்கத்தாவிலிருந்து, 1903 முதல் சென்னையிலிருந்தும். நாடி என்ற ஊரில் இன்றும் பெரிய முருகன் கோயில் இருக்கிறது; கோபுரமும் வண்ணமுமாக, நம் ஊர்க் கோயில்தான் என்று நினைப்பீர்கள். கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் ஆசிரியர், கணக்கர், வழக்கறிஞர் ஆனார்கள். நிலம் மட்டும் அவர்களுக்குச் சொந்தமில்லை. பெரும்பகுதி ஃபிஜியப் பூர்வகுடிகளுடையது, இவர்கள் குத்தகைக்காரர்கள்.

மகேந்திர சௌத்ரி அந்த வழியில் வந்தவர். பொதுச் சேவை ஊழியர் சங்கத்தையும் கரும்பு விவசாயிகள் சங்கத்தையும் நடத்தியவர். மேடையில் இனிக்கப் பேசத் தெரியாத, விட்டுக்கொடுக்காத தொழிற்சங்கவாதி. 1999 தேர்தலில் 71 இடங்களில் 37 அவருடைய தொழிற்கட்சிக்குக் கிடைத்தன. அப்போது அங்கே இந்தியர் நூற்றுக்கு 44 பேர் அளவில்தான். பூர்வகுடிக் கட்சிகளையும் கூட்டணியில் சேர்த்துக்கொண்டு மே 19 அன்று பிரதமரானார். துணைப் பிரதமர்கள் இருவருமே பூர்வகுடியினர். ஒருவர் ஆதி குயினி. அவருடைய முதல் கணவர் திமோதி பவத்ரா, 1987-இல் இந்தியர் ஆதரவோடு பிரதமராகி ஒரே மாதத்தில் இராணுவத்தால் கவிழ்க்கப்பட்டவர். அந்த அம்மையார் மறுபடியும் இந்தியரோடு சேர்ந்து ஆட்சியில் உட்கார்ந்தார் என்றால் அந்தத் துணிச்சலை என்னவென்பது! சௌத்ரியை நான் மதிக்கிறேன், ஆனால் ஆதி குயினியைத்தான் வியக்கிறேன்.

சரியாக ஓர் ஆண்டு. 2000 மே 19 காலை, தலைநகர் சுவாவின் தெருக்களில் அரசுக்கு எதிரான ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும்போது, ஜார்ஜ் ஸ்பைட் என்பவர் துப்பாக்கிக்காரர்களோடு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். பிரதமரும் அமைச்சர்களும் பிணைக்கைதிகள். 56 நாள். பிரதமரின் மகனும் உள்ளே. ஃபிஜி அதிபர் ராத்து மாராவின் மகளும் அமைச்சர் என்ற முறையில் உள்ளே. பெருந்தலைவர் குடும்பத்துப் பெண்ணையே பிடித்து வைத்துக்கொண்டு, பூர்வகுடிகளுக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்றார் ஸ்பைட்.

அந்த ஸ்பைட் யார்? அரசுக்குச் சொந்தமான மரக் கழகத்தின் தலைவராக இருந்தவர். விலைமதிப்புள்ள மகோகனிக் காடுகள் அந்தக் கழகத்தின் கையில் இருந்தன. சௌத்ரி அரசு அவரை அந்தப் பதவியிலிருந்து நீக்கியிருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் அழுத்திச் சொல்வதுண்டு: வாயில் இனம் இருக்கும், கண் மரத்தின் மேல் இருக்கும்! ஆனால் அவர் பின்னால் கூடிய ஏழை மக்களின் பயம் உண்மையான பயம். குத்தகைகள் முடிந்துகொண்டிருந்த காலம். நிலம் கை நழுவிவிடும் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தைத் தணிக்க சௌத்ரி போதிய நேரம் செலவிடவில்லை என்பது என் எண்ணம். சங்கப் பேச்சுவார்த்தையில் கூர்மையான நாக்கு உதவும், ஆட்சியில் எப்போதும் உதவாது.

சௌத்ரி ஜூலை 13 அன்று வெளியே வந்தார். அவரை ஆட்சிக்குக் கொண்டுவந்த தேர்தலுக்கு அடிப்படையான 1997 அரசியலமைப்புச் சட்டம் செல்லும் என்று மறு ஆண்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் பிரதமர் நாற்காலி அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. படித்த இந்தியர் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கப்பலேறாமல் விமானமேறிப் போனார்கள். பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது: தோற்றவர்களில் ஒரு கூட்டம் வீட்டுக்குப் போகவில்லை.

கண்ணாடிக்கு அந்தப்புறம் தம்பி கையைக் காட்டுகிறார். சிங்கப்பூரை விரிவாகச் சொல்லத்தான் குறிப்பு எழுதி வந்தேன், இனி ஓட வேண்டியதுதான்.

இங்கிருந்து விடியற்காலையில் பாலம் தாண்டி வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தெரிந்த செய்திதான். 2023 செப்டம்பர் 1 அன்று தர்மன் சண்முகரத்தினம் 70.4 விழுக்காடு வாக்குகளோடு சிங்கப்பூர் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே இந்தியர் பத்தில் ஒருவர்கூட இல்லை. சீனர்கள் நான்கில் மூவர். எதிர்த்து நின்ற இருவரும் சீனர்கள். அவர்களில் இங் கொக் சோங், வாக்குகளில் ஒரு பகுதியை மட்டும் எண்ணிச் சொல்லும் மாதிரி எண்ணிக்கை வந்ததுமே தோல்வியை ஏற்றுக்கொண்டு வாழ்த்துச் சொன்னார். அவர் வீட்டுக்குப் போனார், பெரியவரே!

அதற்கு முன்பும் அங்கே இந்திய அதிபர்கள் உண்டு. 1981-இல் பதவியேற்ற தேவன் நாயர் மலாக்காவில் பிறந்தவர், ரப்பர்த் தோட்டத்துக் கிராணியின், அதாவது எழுத்தரின், மகன். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தது நாடாளுமன்றம். எஸ்.ஆர். நாதன் இரண்டு முறையும் போட்டியின்றி வந்தார். போட்டியில் நின்று, பொதுமக்களின் வாக்குச் சீட்டால் வென்ற முதல் சீனரல்லாதவர் தர்மன்தான். அதிபருக்கு ஆளும் அதிகாரம் குறைவு, ஆட்சி பிரதமர் கையில். அந்தப் பிரதமர் நாற்காலியில் இதுவரை சீனரல்லாத ஒருவரும் உட்கார்ந்ததில்லை. அதைப் பற்றி இன்னும்... சரி, சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. அடுத்து உங்களுக்குச் செய்திகள். நன்றி, வணக்கம்.