மனசு மாறினால் வண்டியையும் மாற்றிக்கொள்ளலாம்

நேயர்களுக்கு வணக்கம். ஐரோப்பாவை ரயிலில் தனியாகச் சுற்றிவிட்டு வந்தவள் என்பதால் என்னை இங்கே பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஊர் திரும்பியதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது இரண்டே கேள்விதான். தனியாகப் போக பயமாக இல்லையா? ரயில் பாஸ், அதாவது ஒரே சீட்டில் பல நாட்டு வண்டிகளிலும் ஏறலாம் என்கிற டிக்கெட், எடுத்தால் லாபமா? பயத்துக்கு அப்புறம் வருகிறேன். லாபக் கணக்கை முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் அதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

வெறும் பணமாகப் பார்த்தால் பல நேரங்களில் லாபம் இல்லை. வியன்னாவிலிருந்து ப்ராகுக்கு இன்ன தேதி, இன்ன மணி வண்டி என்று இரண்டு மாதம் முன்னாலேயே உங்களுக்குத் தெரியும் என்றால், அந்த வண்டிக்கு மட்டும் முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள், பாஸில் ஒரு நாளுக்கு ஆகிற செலவைவிடக் குறைவாக முடியும். ஆனால் காலையில் ரொட்டி தின்றுகொண்டே ஜன்னலைப் பார்த்து, மழை கொட்டுகிறதே, இன்றைக்கு ப்ராக் வேண்டாம், தெற்கே போவோம் என்று முடிவை மாற்றினால் அந்த மலிவு டிக்கெட் போனது போனதுதான். பாஸ் வைத்திருப்பவருக்கு நஷ்டமே இல்லை. மனசை மாற்றிக்கொள்கிற உரிமைக்குத்தான் நாம் பாஸுக்குப் பணம் கொடுக்கிறோம். அந்த உரிமையை முழுசாக அனுபவிக்க முடிகிறவர் தனியாகப் போகிறவர் மட்டும்தான் என்பது என் கட்சி. நாலு பேராகப் போய்ப் பாருங்கள், மழைக்காகத் திட்டத்தை மாற்றலாமா என்று பேசி முடிப்பதற்குள் மழையே நின்றுவிடும்.

பாஸ் என்றால் என்ன என்று சுருக்கமாக. வெளிநாட்டுப் பயணிகளுக்காக 1959-ல் வந்தது யூரெயில் பாஸ். ஐரோப்பாவிலேயே வசிக்கும் இளைஞர்களுக்காக 1972-ல் வந்தது இன்டர்ரெயில். சர்வதேச ரயில்வே சங்கத்தின் 50-வது ஆண்டையொட்டி, 21 வயது வரை உள்ளவர்களுக்கு என்று அதை ஆரம்பித்தார்கள், பிறகு வயது வரம்பு போய்விட்டது. இன்றைக்கு இரண்டையும் ஒரே நிறுவனம் விற்கிறது, இரண்டும் 33 நாடுகளில் செல்லும். நம் ஊரில் குடியிருப்பவர்களுக்கு யூரெயில். பாரிஸிலோ சூரிச்சிலோ குடியிருக்கும் உங்கள் சித்தப்பா மகள் கூட வருகிறேன் என்றால் அவளுக்கு இன்டர்ரெயில். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பது கணக்கில்லை, எங்கே வசிக்கிறோம் என்பதுதான். 27 வயது வரை உள்ளவர்களுக்கு விலை குறைவு. அறுபது தாண்டியவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு, அதை நான் வெட்கப்படாமல் வாங்கிக்கொண்டேன்.

நான் எடுத்தது இரண்டு மாதத்துக்குள் ஏதாவது பத்து நாள் பயணம் செய்யலாம் என்கிற வகை. இரண்டாம் வகுப்பில், பெரியவர்களுக்கான முழு விலையிலேயே நாளொன்றுக்கு 50 யூரோவுக்குள் அடங்கிவிடும். நாலு நாள் பாஸ் எடுத்தால் ஒரு நாளைக்கு 70 யூரோவை ஒட்டி வரும். விலை வருடாவருடம் மாறும், டிசம்பருக்கு முன்னால் தள்ளுபடி விற்பனையும் போடுவார்கள். ஒரு பயண நாள் என்பது நள்ளிரவு முதல் அடுத்த நள்ளிரவு வரை, அதற்குள் எத்தனை வண்டி வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். இரவு வண்டிக்கு ஏறிய நாள் மட்டும்தான் கணக்கு, ஆனால் நள்ளிரவுக்கு மேல் வேறு வண்டிக்கு மாறினால் இன்னொரு நாள் போய்விடும். எல்லாம் போனில் ஓர் ஆப்பில் இருக்கிறது. ஏறப்போகும் வண்டியை அதில் சேர்த்தால் ஒரு க்யூஆர் கோடு வரும், பரிசோதகர் அதைப் பார்ப்பார், சிலர் பாஸ்போர்ட்டும் கேட்பார்கள். மூன்று நாளைக்கு ஒரு தடவையாவது அந்த ஆப்பை இணையத்தோடு இணைக்க வேண்டும், போனில் சார்ஜ் இல்லையென்றால் கையில் டிக்கெட்டே இல்லை என்று அர்த்தம். பவர் பேங்கை மறந்துவிடாதீர்கள்.

சரி, இப்போது யாரும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடாத விஷயம், ரிசர்வேஷன். நமக்கு ரயில் என்றாலே கன்பார்ம் ஆச்சா, ஆர்ஏசியா, வெயிட்டிங் லிஸ்டா என்பதுதான் முதல் கவலை. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து பக்கம் பெரும்பாலான வண்டிகளில் அந்தப் பேச்சே கிடையாது. நடைமேடைக்குப் போகிறோம், வருகிற வண்டியில் ஏறுகிறோம், காலி இடத்தில் உட்காருகிறோம். இருக்கைக்கு மேலே சின்னத் திரையில் எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை யாரோ பதிவு செய்திருக்கிறார்கள் என்று காட்டும், அதைப் பார்த்து உட்கார்ந்தால் போதும். பிரான்சின் டிஜிவி, ஸ்பெயினின் அதிவேக வண்டிகள், இத்தாலியின் ஃப்ரெச்சாரோசா, லண்டன் போகும் யூரோஸ்டார், போலந்தின் எக்ஸ்பிரஸ்கள், இவற்றிலெல்லாம் பாஸ் இருந்தாலும் தனியாகப் பணம் கட்டி இடம் பிடிக்க வேண்டும். இத்தாலியில் பத்துப் பதினைந்து யூரோவில் முடியலாம், யூரோஸ்டாரில் முப்பதைத் தாண்டும். அதிலும் யூரோஸ்டாரில் பாஸ்காரர்களுக்கு என்று கொஞ்சம் இடம்தான் ஒதுக்குவார்கள். வண்டியில் சீட் காலியாக இருக்கும், நமக்குக் கிடையாது.

அதனால் பாரிஸ், பார்சிலோனா, ரோம், லண்டன் என்று மட்டும் போகிறவர் பாஸ் எடுத்தால், நான் சொன்ன அந்த உரிமை கையில் இருந்தும் இல்லாத மாதிரிதான். நடுவிலும் கிழக்கிலும் சுற்றுகிறவருக்குத்தான் அது முழுசாகக் கிடைக்கும். கட்டாயம் மேற்கே போக வேண்டும் என்றால் வேகத்தை விட்டுக்கொடுங்கள். மிலானிலிருந்து வெனிஸுக்கு வெரோனாவில் வண்டி மாறி உள்ளூர் ரயில்களிலேயே போய்விடலாம், கொஞ்ச நேரம் கூட ஆகும், ரிசர்வேஷன் கிடையாது. பாஸலிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் போகும் பிரெஞ்சு வட்டார ரயிலும் அப்படித்தான்.

இதைவிடப் பெரிய முட்டுக்கட்டை விசா. பாஸ் கொடுப்பவர் எங்கே வேண்டுமானாலும் போ என்கிறார், விசா கொடுப்பவர் எந்த ராத்திரி எந்த ஊரில் தூங்குவாய் என்று எழுதிக் கொடு என்கிறார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இரண்டையும் ஒத்துப்போகச் செய்வதுதான் முக்கால்வாசி வேலை. விசாவுக்காக ஹோட்டல்களைப் பதிவு செய்து காட்டிவிட்டு, கையில் வந்ததும் எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள் என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விமான நிலையத்தில் எங்கே தங்குகிறாய் என்று கேட்டால் காட்ட ஏதாவது வேண்டாமா? நான் செய்தது இதுதான்: ஊர்களைக் குறைத்துக்கொண்டேன். வியன்னாவில் சில நாள், சூரிச்சில் சில நாள், ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் மைன்ஸ் ஊரில் சில நாள் என்று அறைகளை உண்மையாகவே பதிவு செய்து, விசாவில் சொன்னபடியே தங்கினேன். ராத்திரி அறை நிச்சயம், பகலில் எந்தத் திசைக்குப் போவது என்பது அன்றைக்குக் காலையில் முடிவு. பெட்டியைத் தினமும் தூக்கிக்கொண்டு அலைகிற வேலையும் மிச்சம்.

இன்னொரு சங்கதி. பாஸ் செல்லும் 33 நாடுகளில் சில ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில், இல்லை. பிரிட்டன், அயர்லாந்து, துருக்கி, செர்பியா எல்லாம் வெளியே. ஒரே தடவை நுழையலாம் என்கிற விசாவை வைத்துக்கொண்டு லண்டனை எட்டிப் பார்த்தால், பிரிட்டனுக்கு வேறு விசா வாங்கியிருந்தாலும் திரும்பப் பாரிஸுக்குள் நுழைய முடியாது. ஆப் அதையெல்லாம் சொல்லாது, அது பாட்டுக்கு வண்டி நேரத்தைக் காட்டும்.

சூரிச்சில் தங்கியபோதுதான் இந்த ஏற்பாட்டின் ருசி தெரிந்தது. ஆல்ப்ஸின் வடபக்கம் மேகம் மூடி மழை பெய்யும்போது தென்பக்கம் வெயில் அடிப்பது அங்கே சாதாரணம். அப்படி ஒரு காலையில் வானிலையைப் பார்த்துவிட்டு கூர் என்ற ஊருக்கு வண்டி ஏறினேன், அங்கிருந்து ரேட்டியன் என்ற சிவப்பு நிறச் சுவிஸ் மலை ரயிலில் இத்தாலிய எல்லையில் இருக்கும் திரானோவுக்கு. பெர்னினா எக்ஸ்பிரஸ் என்று எல்லாரும் படம் போடுகிறார்களே, அதே பாதை. அந்தப் பெரிய கண்ணாடி வண்டிக்கு ரிசர்வேஷன் கட்டாயம், தனிக் கட்டணம். அதே தண்டவாளத்தில், அதே மலையில் ஓடும் சாதாரண வண்டிகளுக்கு அது எதுவும் வேண்டாம். நடுவில் வண்டி மாற வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சாதாரண வண்டியின் பழைய பெட்டிகளில் ஜன்னலை இறக்கிக் குளிர்காற்று வாங்கலாம், கண்ணாடி வண்டியில் அது முடியாது. எனக்குக் கேட்டால் சாதாரண வண்டிதான் மேல்.

1910-ல் முழுசாகத் திறந்த பாதை அது. கடல்மட்டத்திலிருந்து 2,253 மீட்டர் உயரம் வரை ஏறிவிட்டு, மறுபக்கம் திரானோவில் சுமார் 430 மீட்டருக்கு இறங்குகிறது. எங்கேயும் பல்சக்கரம் இல்லை, நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் ஏற்றத்தை வெறும் சக்கரப் பிடிப்பிலேயே ஏறுகிறது. ப்ரூசியோ என்ற இடத்தில் சரிவைக் குறைப்பதற்காக வண்டி ஒரு கல்பாலத்தில் முழு வட்டம் அடித்து, தான் வந்த பாலத்துக்கு அடியிலேயே நுழைந்து போகிறது. திரானோ வந்ததும் தெருவோரமாக, மாதா கோயில் வாசலை உரசிக்கொண்டு ஓடுகிறது. நம் ஊட்டி ரயில் இதைவிடச் செங்குத்து, பன்னிரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். அதனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரம் வேண்டியிருக்கிறது. அந்தப் பல்சக்கர முறையைக் கண்டுபிடித்தவர் ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர். நீலகிரியில் ஓடும் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களின் மூல வண்டிகள் செய்யப்பட்டது சூரிச்சுக்குப் பக்கத்தில் வின்டர்தூர் என்ற ஊரில். அந்த ஊர் வழியாக வண்டியில் போனபோது பக்கத்து சீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன், அவருக்கு ஊட்டியும் தெரியவில்லை, தன் ஊரில் எஞ்சின் செய்ததும் தெரியவில்லை. நீலகிரி ரயிலை 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, இந்தச் சுவிஸ் பாதையை 2008-ல். பட்டியலில் இந்தப் பாதைக்கு நாம் மூத்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வியன்னாவிலிருந்து கிராட்ஸ் போகும் வழியில் செம்மரிங் மலைப்பாதை இருக்கிறது, 1854-ல் திறந்தது. அதைப் பார்க்க நினைப்பவர்கள் சீக்கிரம் போங்கள், மலைக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுரங்கம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அது திறந்தால் விரைவு வண்டிகள் மேலே ஏறாது. மைன்ஸிலிருந்து கோப்லென்ஸ் போனால் வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், ஒரு மணி நேரம் ரைன் நதியும் கோட்டைகளும் கூடவே வரும். ஒன்று மட்டும், ஜெர்மன் ரயில் நொடி பிசகாது என்பது பழங்கதை. 2024-ல் அங்கே நெடுந்தூர வண்டிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் தாமதம், அவர்களே வெளியிட்ட கணக்கு. பாஸ்காரருக்கு இது பெரிய தலைவலி இல்லை, அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். ரிசர்வேஷன் வண்டியைப் பிடிக்க வேண்டிய நாளில் மட்டும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். ராத்திரி வண்டியில் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய அறை இருக்கிறது, ஆஸ்திரிய ரயில்வேயின் நைட்ஜெட்டில் பதிவு செய்யும்போதே கேட்டு வாங்கலாம். நான் சூரிச்சிலிருந்து வியன்னாவுக்கு அப்படித்தான் போனேன். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம், காலையில் ரொட்டியும் காப்பியும் கொண்டுவந்து தருவார்கள். பெர்த்துக்குப் பாஸ் போக தனிக் கட்டணம் உண்டு. அந்த வண்டியில் கவனிக்க வேண்டியது வேறொன்று: பெட்டிகளை நடு ராத்திரியில் பிரித்து வேறு வேறு ஊருக்கு அனுப்புகிற வழக்கம் அங்கே உண்டு, அதனால் வண்டி சரியா என்று பார்த்தால் போதாது, பெட்டி எண்ணும் சரியா என்று பார்த்து ஏற வேண்டும்.

தனியாகப் போகிறவருக்கு உண்மையான தொல்லை சாமான்தான். கழிவறைக்குப் போனால் பெட்டியை யார் பார்த்துக்கொள்வது? எதிரே குடும்பமாக உட்கார்ந்திருப்பவரிடம் சைகையில் சொல்லிவிட்டுப் போவேன், பர்ஸும் பாஸ்போர்ட்டும் மட்டும் உடம்போடு. சின்ன ஸ்டேஷன்களில் லிப்ட் இருக்கும் என்று நம்பாதீர்கள், படியில் நாமே தூக்க முடிகிற எடைதான் நம் எடை. ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கடைகள் மூடியிருக்கும், பெரிய ஸ்டேஷனுக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட் மட்டும் திறந்திருக்கும், தயிரும் பழமும் அங்கே கிடைக்கும். சாயங்காலங்கள் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். பகலெல்லாம் பார்த்ததை உடனே சொல்ல ஆள் இல்லை என்பது சில நாள் உறுத்தும். எனக்கு அது காலையில் கிடைக்கிற சுதந்திரத்துக்குக் கொடுக்கிற விலையாகத்தான் பட்டது, உங்களுக்கு எப்படியோ.

கிளம்ப நினைப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. செப்டம்பரில் போங்கள், அங்கே பள்ளி விடுமுறை பெரும்பாலும் முடிந்து வண்டிகளில் இடம் இருக்கும், மலைப்பாதைகளில் இன்னும் அவ்வளவாகப் பனி விழுந்திருக்காது. விசாவுக்கு மே மாதமே நேரம் பிடித்துவிடுங்கள், கோடையில் கூட்டம் தாங்காது. பாஸை விசா வந்த பிறகு வாங்கினால் போதும். அழைத்துப் பேச வைத்த நிலையத்தாருக்கு நன்றி, வணக்கம்.