படம் காட்டாத பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். சினிமாவில் பார்த்த இடத்தை நேரில் போய்ப் பார்க்கிற ஆசை உங்கள் வீட்டிலும் யாருக்காவது இருக்கும். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இருந்தது.

சாத்தனூர் அணை. தென்பெண்ணையில் 1958-இல் கட்டி முடித்தது. இப்போது திருவண்ணாமலை மாவட்டம். 1989 வரை நம்ம வட ஆர்க்காடு. அந்தப் பூங்காவில் எத்தனையோ பாட்டுக் காட்சிகளைப் படம்பிடித்தார்கள். அம்மா அவற்றைக் குடியாத்தம் பக்கம் டென்ட் கொட்டாயில், மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவர். எல்லாம் கறுப்பு வெள்ளை.

ஒரு காணும் பொங்கலுக்குப் புளிசோறு கட்டிக்கொண்டு கிளம்பினோம். திருவண்ணாமலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். இறங்கியதும் அம்மா எங்களை விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்து, ஒரு பூப்பாத்தி முன்னால் போய் நின்றார். "இன்னாடா, இந்தப் பூவு செவப்பா கீது!" அத்தனை வருடமாக அது அவருக்குச் சாம்பல் நிறப் பூ. வழியெல்லாம் அதையே சொன்னார். கதாநாயகி நின்ற படிக்கட்டு எது என்று தோட்டக்காரரிடம் விசாரித்து, அதில் ஏறிக் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் மறுபக்கம் திரும்பினார். அணை நிறையத் தண்ணீர். "இவ்ளோ தண்ணி கீதா இங்க? படத்துல காட்டவே இல்லியே!" பொழுது சாயும் வரை அணைப் பக்கத்தை விட்டு அவர் நகரவில்லை.

இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். படம் பார்த்துவிட்டுப் போங்கள், தாராளமாகப் போங்கள். போன இடத்தில் காமிரா திரும்பாத பக்கத்தையும் பாருங்கள்.

கேரளத்து அதிரப்பள்ளி, 1986-க்குப் பிறகு நம்ம ஜனங்களுக்குப் 'புன்னகை மன்னன்' அருவி. சரி, அப்படியே கூப்பிடுவோம். ஆனால் பக்கத்திலேயே வாழச்சால் காடு, அதில் இருவாச்சிப் பறவைகள். அருவியோடு திரும்பிவிடாதீர்கள்.

கொடைக்கானல் குணா குகை வேறு கதை. 1991-இல் 'குணா', 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்', கூட்டம் பெருகிவிட்டது. அங்கே வேலி போட்டிருப்பது உங்கள் உயிருக்காக. பிள்ளைகளே, வேலியைத் தாண்டாதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், தாண்டாதீர்கள்.

நம்ம வேலூர்க் கோட்டையைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அகழி ஓரம் நின்று சினிமா மாதிரி படம் எடுத்துக்கொள்கிறீர்கள் அல்லவா, அப்படியே ஜலகண்டேசுவரர் கோயிலுக்குள் வாருங்கள். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்த கோயில்; 1981-இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் திரும்ப வந்தது. கோபுரம் தாண்டியதும் இடது கைப் பக்கம் கல்யாண மண்டபம். அங்கே யாளித் தூண்களை ஒவ்வொன்றாக, நின்று பாருங்கள். வணக்கம்.