சார்லிக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்திருக்கலாமா?

வணக்கமுங்க. இன்றைக்கு முதல் கேள்வி உடுமலைப்பேட்டையிலிருந்து வந்திருக்கிறது. கல்லூரியில் படிக்கிற ஒரு அம்மணி குரல் பதிவாகவே அனுப்பியிருக்கிறார். முழுவதும் ஓடவிட்டால் நேரம் போய்விடும், நானே சுருக்கிச் சொல்கிறேன். ஸ்டார் ட்ரெக் என்ற பழைய அமெரிக்க விண்வெளித் தொடரில் 'சார்லி எக்ஸ்' என்ற பகுதியை விடுதியில் தோழிகளோடு பார்த்தாராம். முடிந்ததும் அறையே இரண்டு கட்சியாகிவிட்டதாம். "பையன் பாவம், திருந்த ஒரு வழிகூடக் காட்டாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்" என்பது இவர் கட்சி. "அத்தனை பேரைக் கொன்றவனுக்கு என்ன வழி வேண்டிக்கிடக்கிறது" என்பது எதிர்க்கட்சி. "ஏனுங்க சார், அவனுக்கு மீட்சி உண்டா இல்லையா, நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லிப்போடுங்க" என்று கேட்கிறார். ஆகப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். சரி, உட்கார்ந்துவிடுவோம்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கடைசிக் காட்சி வரை சொல்லப் போகிறேன். கெட்டுப்போகும் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

1966 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பான பகுதி இது. தொடர் ஆரம்பித்து இரண்டாவது வாரம்தான். கதை ஜீன் ராடன்பெரி, திரைக்கதை டி.சி. ஃபான்டானா என்ற அம்மையார். தாசஸ் என்ற கோளில் ஒரு விண்கலம் விழுந்து நொறுங்குகிறது. மூன்று வயதுக் குழந்தை ஒன்று மட்டும் தப்பிக்கிறது. பதினான்கு வருடம் கழித்து அன்டாரஸ் என்ற கப்பல் அவனைக் கண்டெடுக்கிறது. பெயர் சார்லி எவன்ஸ், வயது பதினேழு. உடைந்த கலத்தில் கிடந்த பதிவுகளைக் கேட்டே பேசக் கற்றுக்கொண்டவன். உறவினர்களிடம் சேர்ப்பதற்காக அவனை என்டர்பிரைஸ் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். ஒப்படைக்க வந்த அன்டாரஸ்காரர்கள் அவனை வாய் ஓயாமல் புகழ்ந்துவிட்டு, விட்டால் போதும் என்று கிளம்புகிறார்கள். பார்க்கிற நமக்கு அப்போதே உறுத்தும்.

பையனுக்கு ஒரு சக்தி இருக்கிறது. நினைத்தால் பொருள் வரும், நினைத்தால் ஆள் மறைவார். சதுரங்கத்தில் கப்பலின் துணைத் தலைவர் ஸ்பாக்கிடம் தோற்றால் காய்கள் உருகும். ஒரு இளம் பெண்ணை உடும்பு மாதிரி ஒரு பிராணியாக மாற்றிவிடுகிறான். சிரித்துக்கொண்டிருந்த ஒருத்திக்கு முகமே இல்லாமல் செய்துவிடுகிறான். அந்தக் காலத்து மலிவான ஒப்பனைதான், ஆனாலும் அந்த வெறும் முகத்தை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

நான் முக்கியமாக நினைக்கிற காட்சி இவை எதுவும் இல்லை. கப்பலில் இரண்டு ஆண்கள் பேசிவிட்டுப் பிரியும்போது, ஒருவர் மற்றவரின் பின்பக்கத்தில் விளையாட்டாக ஒரு தட்டுத் தட்டுகிறார். சார்லி அதைப் பார்க்கிறான். மனிதர்கள் இப்படித்தான் அன்பு காட்டுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, ஜேனிஸ் ரேண்ட் என்ற பெண் அதிகாரியை அதே மாதிரி தட்டிவிடுகிறான். அவள் அதிர்ந்துபோகிறாள். இது ஏன் தப்பு என்று கேப்டனிடமோ டாக்டரிடமோ கேட்டுக்கொள் என்கிறாள். அவன் நேராகப் போய்க் கேப்டன் கிர்க்கிடம் கேட்கிறான். அண்டம் முழுக்கச் சுற்றி வருகிற கேப்டன் அந்த இடத்தில் திணறுவதைப் பார்க்க வேண்டும். ஆணுக்கு ஆண் என்றால் ஒன்று, ஆணும் பெண்ணும் என்றால், அது வந்து, வேறு, என்று இழுக்கிறார். இந்தப் பாடம் முடிவதற்குள் அழைப்பு வந்துவிடுகிறது. அன்டாரஸ் கேப்டன் அவசரமாகப் பேச வேண்டுமாம். சார்லியும் கூடவே போகிறான். அந்தக் கேப்டன் எச்சரிக்கையைச் சொல்லி முடிக்கவில்லை, கப்பல் வெடித்துவிடுகிறது. செய்தது சார்லிதான்.

சிலருக்குப் பல்லில் ஒட்டிக்கொண்ட கறி மாதிரி ஒரு சந்தேகம் வரும். ஒரு தப்பைத் தப்பு என்று அவனுக்கு ஒருவர் வாயால் சொன்னதே வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதுவும் பாதியில் நிற்கிறது. அடுத்த சில நிமிடத்தில் ஒரு கப்பல் ஆட்கள் அத்தனை பேரும் செத்துப்போகிறார்கள். இதில் எது எவ்வளவு கனம்? இரண்டும் முழுக் கனம் என்பதுதான் என் பதில். பாவம் என்று சொல்வதால் பழி குறையாது, பழி என்று சொல்வதால் பாவம் போய்விடாது. உங்கள் அறையின் இரண்டு கட்சியும் ஆளுக்குப் பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள்.

சரி, அப்படியானால் அவனால் திருந்த முடியுமா? முடியும் என்று கதையிலேயே ஓரிடத்தில் ஆதாரம் இருக்கிறது, பலரும் அதைக் கவனிப்பதில்லை. கிர்க் அவனை உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கூட்டிப்போய்ச் சண்டை சொல்லிக்கொடுக்கிறார். முதல் பாடம், அடி படாமல் கீழே விழுவது எப்படி. அங்கே சாம் என்ற ஒருவன் சார்லி விழுவதைப் பார்த்துச் சிரிக்கிறான். சாமை மறையச் செய்துவிடுகிறான் சார்லி. பாதுகாவலர்கள் ஓடிவருகிறார்கள், அவர்கள் துப்பாக்கிகளும் மறைந்துபோகின்றன. அப்போது கிர்க் கையில் ஒன்றும் கிடையாது. அவர் சொல்வது இவ்வளவுதான்: "உன் அறைக்குப் போ. இல்லாவிட்டால் நானே தூக்கிக்கொண்டு போய் விடுவேன்." ஒரு நினைப்பில் கிர்க்கை ஒழித்துக்கட்டக்கூடிய பையன், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அறைக்குப் போகிறான்.

அது எதனால்? இத்தனைக்கும் அவன் பயப்பட ஒன்றுமே இல்லை. தன்னைத் தூக்கிவிடுவேன் என்று சொல்லுமளவுக்கு நெருங்கி நின்ற முதல் ஆள் அவர். இந்தப் பையனுக்குத் தகப்பன் மாதிரி ஒருவர் தேவை என்று டாக்டர் மெக்காய் முன்பே சொல்லியிருந்தார். கிர்க் அந்தப் பொறுப்பை டாக்டர் தலையிலேயே கட்டப் பார்க்கிறார். நம் வீடுகளிலும் "போய் அப்பாவைக் கேளு", "அம்மாவைக் கேளு" என்று ஓடிக்கொண்டே இருக்கிற ஆட்டம் இது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று உண்டு. ஜெரோம் பிக்ஸ்பி 1953-இல் எழுதிய சிறுகதை. அந்தோனி என்று மூன்று வயதுப் பையன், இதே மாதிரி சக்தி. இவனுக்கு அப்பா, அம்மா, ஊர் எல்லாம் உண்டு. ஆனால் மனதில் நினைப்பதையும் அவன் படித்துவிடுவான் என்பதால், என்ன கொடுமை நடந்தாலும் "நல்லது, ரொம்ப நல்லது" என்று ஊரே சிரித்துக்கொண்டு சொல்லும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல அங்கே ஆள் இல்லை. சார்லிக்கு வேண்டாம் என்று சொல்ல ஒருவராவது கிடைத்தார், அந்தோனிக்கு அதுவும் இல்லை. என்னைக் கேட்டால் அந்தோனிதான் இரண்டு பேரில் அதிகப் பாவம். அது வேறு பேச்சு.

ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் நாவல் வரிசையில் வருகிற மியூல் என்பவனையும் சேர்த்துக்கொள்ளலாம். அவன் சிறு வயதுக்காரன் இல்லை, ஆனால் ஒதுக்கப்பட்டவன். அடுத்தவர் மனதில் அன்பையும் பயத்தையும் தானே ஊற்றி, சாம்ராஜ்யங்களைக் கவிழ்த்தவன். பேய்ட்டா என்ற ஒருத்தி மட்டும், அவன் யாரென்று தெரியாமலே, அவன் எதுவும் செய்யாமலே, அவனிடம் இயல்பாகப் பிரியம் காட்டுகிறாள். அந்தப் பிரியத்தைக் கெடுக்க மனம் வராமல் அவள் மனதை மட்டும் தொடாமல் விட்டுவிடுகிறான். அதனாலேயே தோற்கிறான். பின்னால் வருகிற பாகத்தில் இரண்டாம் ஃபவுண்டேஷன் என்ற ரகசியக் குழுவினர் அவன் மனதையே மாற்றி, சாதுவான அரசனாக ஆக்கிவிடுகிறார்கள். அமைதியாக ஆண்டுவிட்டுச் சாகிறான். இதை மீட்சி என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. அவனாக ஒரு நாள் கையை மடக்கிக்கொண்டானே, பேய்ட்டா விஷயத்தில், அதுதான் கணக்கில் சேரும். அடுத்தவர் உள்ளே புகுந்து திருகி வைத்தது சேராது. சார்லி அறைக்குத் திரும்பி நடந்ததையும் நான் அந்தக் கணக்கில்தான் எழுதுவேன்.

இப்போது உடுமலைக்காரரிடம் உடுமலைக் கதையைப் பேசுகிறேன். சின்னத்தம்பி யானை நினைவிருக்கிறதா? நீங்கள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். 2019 ஜனவரியில் கோவை தடாகம் பக்கம் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, டாப்சிலிப் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சில நாளிலேயே அது காட்டை விட்டு இறங்கி, பொள்ளாச்சிப் பக்கத்து ஊர்களைத் தாண்டி, உங்கள் பக்கம் வந்து கரும்புக் காட்டில் நின்றுகொண்டது. அமராவதி சர்க்கரை ஆலைப் பக்கம் அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. காட்டில்தான் விட வேண்டும், கும்கி ஆக்கக் கூடாது என்று ஊரெல்லாம் பேச்சு. கரும்பு போட்டவர்கள், பிடித்துக்கொண்டு போங்கள் என்றார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. பிப்ரவரி 15 அன்று மறுபடி பிடித்து, வரகளியாறு முகாமில் மரக்கூண்டில் அடைத்தார்கள். பின்னால் கும்கி ஆனது.

யானைக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, சார்லிக்கு உண்டு. அதனால் இந்த ஒப்புமையை ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது. ஆனால் ஒன்றைப் பாருங்கள். கூண்டில் அடைத்தது சரியா என்று இன்றைக்கும் நாம் சண்டை போடலாம், ஆனாலும் அடைத்த பிறகு பக்கத்தில் ஒரு பாகன் இருந்தார். தினமும் கரும்பு கொடுக்கிற கை, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வாய், தொடுகிற தூரத்தில் ஒரு மனிதர். சார்லிக்கு அது கிடையாது. அவனைத் திருப்பி அழைத்துப்போகத் தேடி வருகிற தாசியர்களுக்கு, அதாவது தாசஸ் கோள்காரர்களுக்கு, உடம்பே இல்லை. கட்டுப்பாட்டு அறையில் பச்சையாக ஒரு முகம் மிதக்கிறது, அவ்வளவுதான். அவன் வாழ வேண்டும் என்பதற்காக நாங்கள்தான் இந்தச் சக்தியைக் கொடுத்தோம் என்கிறது அந்த முகம். அவர்களுக்கு அன்பு கிடையாது, அவர்களைத் தொடக்கூட முடியாது என்று கதறுகிறான் சார்லி. இங்கேயே இருக்கிறேன், இங்கேயே இருக்கிறேன் என்று அவன் குரல் தேய்ந்துபோவதோடு காட்சி முடிகிறது.

அதனால் தீர்ப்பு என்று கேட்டால், அவனுக்கு மீட்சிக்குத் தகுதி உண்டு. ஆனால் அதைக் கொடுக்க வேண்டிய கடன் என்டர்பிரைஸ் கப்பலுக்கு இல்லை, தாசியர்களுக்கு. ஒரு குழந்தை கையில் அவ்வளவு பெரிய சக்தியைக் கொடுத்துவிட்டு, அதைப் பிடித்து நிறுத்தும் கையைக் கொடுக்காமல் விட்டவர்கள் அவர்கள். அவன் அங்கிருந்து போனதைக்கூட நாங்கள் தாமதமாகத்தான் கவனித்தோம் என்று அவர்களே சொல்கிறார்கள். பதினான்கு வருடம் வளர்த்த லட்சணம் அது! அன்டாரஸ் வெடித்ததற்கு வருந்துகிறோம், அவர்களைத் திருப்பிக் கொண்டுவர முடியாது, உங்கள் ஆட்களை மட்டும் திருப்பித் தந்துவிட்டோம் என்கிறார்கள். செத்தவர்களுக்காக யாரும் தண்டனை பெறவில்லை, சார்லியைத் தவிர.

எதிர்க்கட்சித் தோழிகளிடமும் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜேனிஸ். அவள் அறைக்குள் அழைக்காமல் நுழைகிறான், வேண்டாம் என்றால் கேட்கவில்லை, கன்னத்தில் அறைந்ததும் அவளையே இல்லாமல் ஆக்கிவிடுகிறான். 1966-இல் இதை விடலைப் பருவத்து ஏக்கம் மாதிரிக் காட்டியிருப்பார்கள் போல. இன்றைக்கு அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும். கடைசியில் அவள் கண் கலங்குகிறாள். பார்த்தீர்களா, அவளே மன்னித்துவிட்டாள் என்று சிலர் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். ஒரு பையன் கதறிக்கொண்டு போகிறான், பார்க்கிறவளுக்குக் கண்ணீர் வருகிறது. அதை மன்னிப்புச் சீட்டாக எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை. சார்லி மேல் இரக்கப்பட வேண்டியது நாம், அவன் கையில் சிக்கியவளிடம் அதைக் கேட்டு வாங்கக் கூடாது. அவனுக்கு மீட்சி என்று ஒன்று நடந்தாலும் ஜேனிஸ் இல்லாத இடத்தில்தான் நடக்க வேண்டும்.

கிர்க் வேறு என்ன செய்திருக்க முடியும் என்றும் கடைசியில் கேட்டிருந்தார் அம்மணி. கிர்க் கெஞ்சத்தான் செய்கிறார், அதைக் குறை சொல்ல முடியாது. இவன் மனிதன், மனிதர்களோடுதான் இருக்க வேண்டும், பழக்கிவிடலாம் என்கிறார். முடியாது, அவன் உங்களை அழிப்பான் அல்லது நீங்கள் அவனை அழிக்க நேரிடும் என்று தாசியர்கள் மறுக்கிறார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்களோடு விடுங்கள் என்று கேட்ட கிர்க், நாங்கள் அங்கே வந்து பார்க்கலாமா என்று கேட்கவில்லை. தாசஸ் எங்கே இருக்கிறது என்று தெரியும், கப்பல் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை ஒரு மனிதர் போய், அவன் எதிரே உட்கார்ந்து, ஒரு ஆட்டம் சதுரங்கம் ஆடிவிட்டு வரலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தோற்றால் காய் உருகும்தான். உருகட்டுமே, அடுத்த தடவை வேறு காய் கொண்டுபோனால் போகிறது.

அதைக் கேட்டிருந்தால் அந்தப் பச்சை முகம் என்ன பதில் சொல்லியிருக்கும் என்று உங்கள் விடுதியில் இரண்டு கட்சியும் சேர்ந்து ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், அடுத்த வாரம் இங்கே வாசிக்கிறேன். இப்போது அடுத்த கேள்விக்குப் போகலாமுங்க.